அதிகாரிப் பயிற்சியும் உடற்காயமும்: தங்கவயல் இளைஞர் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அதன்பின் வேறு வாழ்வழி தேட வேண்டியதாயிற்று. இன்று ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப்ஸ், உரிகம் ஆகிய பகுதிகளிலிருந்து பெரும் எண்ணிக்கையினர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். பட்டம் பெற்ற இளைஞருக்கு இதைவிட உயர்ந்த வேறொரு வழியும் திறந்தே இருக்கிறது. அது முப்படைகளில் அதிகாரியாகும் வழி. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு, அடுத்துப் பெங்களூரில் உள்ள படைத் தேர்வு மையத்தில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, மருத்துவச் சோதனை, பின்னர் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்று அவ்வழி செல்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பரங்கிமலை ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

தேர்வுக்கு எவ்வாறு படிப்பது என்பதைக் கூறும் கையேடுகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பயிற்சியில் சேர்ந்தபின் உடலுக்கு என்ன நேரும், காயமுற்றால் என்ன செய்வது, பயிற்சியை முடிக்க இயலாமற்போனால் அரசின் பொறுப்பு எதுவரை நீளும் என்பவை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. மாணவருக்கும் மாவட்ட அலுவலருக்கும் தேவைப்படுவது இந்தச் செய்திகளே.

பரங்கிமலைப் பயிற்சி

1962ஆம் ஆண்டுச் சீனப் போர், படையில் இளநிலை அதிகாரிகள் போதாமையை வெளிப்படுத்தியது. அக்குறையை விரைவாக நிரப்பும் பொருட்டு 1963இல் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1987இல் இலங்கையில் வீரமரணம் எய்திப் பரமவீர சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேசுவரன் இப்பள்ளியில் பயின்று 1972இல் அதிகாரியானவர். 1988 ஜனவரி முதல் இது பயிற்சிக் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1992 முதல் பெண்களும் இங்குப் பயிற்சி பெறுகின்றனர். குறுகியகாலப் பணிக்குத் தெரிவு செய்யப்படும் பட்டதாரிகள் 49 வாரங்கள் இங்குப் பயில்கிறார்கள்.

அந்த 49 வாரங்களில் அணிநடை, ஆயுதப் பயிற்சி, வகுப்பறைப் பாடம், களப் பயிற்சி என யாவும் உண்டு. உடலைச் சோதிப்பது ஓட்டமும் சுமையுமே. 2.4 கிலோமீட்டர் ஓட்டம் தொடக்க நிலைச் சோதனை. பின்னர் துப்பாக்கியும் போர்க்கருவிகளும் தாங்கி 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். கயிறேறுதல், ஒன்பதடி அகலப் பள்ளம் தாண்டுதல், தடைகளைக் கடத்தல், குத்துச்சண்டை ஆகியவை இதனுடன் சேரும். பின்னர் முதுகில் சுமையுடன் 10, 20, 30 கிலோமீட்டர் என நீளும் நெடுந்தொலைவு ஓட்டங்கள் வரும். நாள்தோறும் ஓடிப் பழகாத ஒருவர் கல்லூரியிலிருந்து நேரே இங்கு வந்து சேர்ந்தால், அவரது இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும். தசைகளும் ஓரளவு விரைவிலேயே வலுப்பெறும். எலும்பு மட்டும் அத்தனை விரைவாக மாறுவதில்லை. பயிற்சிக் காயங்களில் பலவற்றுக்கு மூலகாரணம் இந்தக் கால வேறுபாடே.

எலும்பும் பாறையும்

உயிருள்ள எலும்பு ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. புதிய சுமை வரும்போது பழைய எலும்புத் திசுவை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் முதலில் வேலை செய்கின்றன. இதற்குச் சில வாரங்களே போதும். அரித்த இடத்தில் புதிய திசுவைக் கட்டி உறுதியாக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் தேவைப்படுகின்றன. ஆகவே கடும்பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் எலும்பு உண்மையில் முன்னைவிட வலுவிழந்த நிலையில் இருக்கிறது. அந்நிலையில் சுமை மேலும் ஏற்றப்படின் நுண்ணிய கீறல்கள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து, முடிவில் அழுத்த முறிவு ஏற்படுகிறது. கீழே விழாமலும் அடிபடாமலும் எலும்பு முறிவது இவ்வாறே.

தங்கவயல் வாசகருக்கு இதனை விளக்குவது எளிது. ஆழச் சுரங்கங்களில் பாறை வெடிப்பு என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் அஞ்சிய ஒன்று. தோண்டத் தோண்டச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் திரண்டு, சிறு சிறு விரிசல்களாகத் தொடங்கி, ஒருநாள் பெரும் ஓசையுடன் வெடிக்கும். அச்சிறு விரிசல்களின் அதிர்வைக் கருவிகளால் முன்கூட்டியே கேட்டறியும் முயற்சி இங்கு நடந்தது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரில் தோன்றியதற்கும் அந்த அனுபவமே அடிப்படை. எலும்பும் முறிவதற்கு முன் அவ்வாறே அறிவிக்கிறது. முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும் ஓரிடத்தில் வலி. பின்னர் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே வலி. பின்னர் நடக்கையில் வலி. இறுதியில் படுத்திருக்கும்போதும் வலி. விரல்நுனியால் அழுத்திக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருப்பின் அதைத் தசைவலி என்று தள்ளிவிடலாகாது.

இது புதிய நோயன்று. பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855இலேயே நெடுநடை சென்ற வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதினார். அது பாத எலும்பின் முறிவே என்பது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டபின் 1897இல்தான் தெளிவாயிற்று. இஸ்ரேல் படையில் புதிதாகச் சேர்ந்த 295 பேரை 14 வாரம் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியான ஆய்வில், 31 விழுக்காட்டினருக்கு அழுத்த முறிவு காணப்பட்டது. மூன்றில் ஒருவர் என்ற அளவை நெருங்கும் இந்த எண், வலியென்று சொல்பவர் கோழை என்னும் பழைய எண்ணத்திற்கு இடமளிக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பும் பாத எலும்புகளும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. இவை ஓய்வினால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் கூடிவிடும். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் ஏற்படும் முறிவோ ஆபத்தானது. அரையிலோ தொடையின் மேற்பகுதியிலோ ஆழ்ந்த வலி கண்டும் ஓட்டத்தைத் தொடர்ந்தால், எலும்பு முற்றாக விலகி, அறுவைச் சிகிச்சையும் வாழ்நாள் முடமும் நேரலாம். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அழுத்த முறிவு பெரும்பாலும் தென்படாது. இரண்டு மூன்று வாரம் கழிந்தே தெரியும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற சீட்டைப் பெற்றதும் கவலையை விட்டுவிடுவது தவறு. வலி நீடிப்பின் எம்.ஆர்.ஐ. சோதனை வேண்டுமென்று மருத்துவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வீட்டிலிருந்தே தொடங்கும் தற்காப்பு

எலும்பு உறுதிப்பட மூன்று மாதம் வேண்டும் எனில், பயிற்சி தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பது வெளிப்படை. தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களைப் பலர் வீணாக்கிவிட்டு, அழைப்புக் கடிதம் வந்தபின் மூன்று வாரத்தில் உடலைத் தயார் செய்ய முற்படுகின்றனர். காயமுறுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. வாரத்திற்கு வாரம் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். நான்கு வாரத்திற்கு ஒருமுறை சற்றுக் குறைத்துக்கொள்வது நலம். காலணிகளையும் முன்பே வாங்கி அணிந்து பழகுதல் வேண்டும்.

ஓடும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தங்கவயலைச் சுற்றிலும் குன்றுகளென நிற்கும் சயனைடு மண்மேடுகள் ஏறி இறங்கும் பயிற்சிக்கு ஏற்றவையாகத் தோன்றும். அவை தங்கம் பிரித்தபின் எஞ்சிய கழிவு. அம்மண்ணில் நுண்ணிய சிலிக்காத் தூசி உண்டு. மூச்சு வாங்க ஓடுபவர் அத்தூசியை ஆழ இழுப்பார். 1940களில் இச்சுரங்கத் தொழிலாளர் 7,653 பேரை ஆராய்ந்தபோது 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் நோய் இருப்பது தெரியவந்த ஊர் இது. பாட்டனாரின் நுரையீரலைத் தின்ற தூசியைப் பேரன் விரும்பிச் சென்று சுவாசிக்க வேண்டியதில்லை. பள்ளி மைதானத்தின் மண்தரையே போதும்.

உணவில் கோலார் மாவட்டத்தார்க்கு ஒரு நற்பேறு உண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது இதில் மிகச் சிறு பங்கே. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்த முறிவு 20 விழுக்காடு குறைந்தது. களியும் கீரையும் பாலும் காலை வெயிலும் தங்கவயலில் அரிய பொருள்களல்ல. நகர்ப்புற நாகரிகத்தின் பெயரால் களியை ஒதுக்கும் போக்கு வருந்தத்தக்கது. இம்மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்துள்ளதால், எலும்பின் நலம் கருதிக் குடிநீரின் தன்மையையும் கேட்டறிதல் நன்று.

ராபர்ட்சன்பேட்டை கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குப் பழகிய உடல் சென்னையின் புழுக்கத்தில் திடீரெனத் திணறும். ஏப்ரலில் தொடங்கும் பருவத்தில் சேர்பவர் முதல் மாதத்திலேயே கத்திரி வெயிலைச் சந்திப்பார். உடல் வெப்பத்திற்குப் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். அந்நாள்களில் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதால் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. உப்பும் சேர வேண்டும். தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் உயிருக்கு ஊறு செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் தோழர் தடுமாறினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, அது வெப்பத் தாக்கின் அறிகுறி. உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கக்கூடும். மருத்துவமனைக்கு வண்டி வரும் வரை நிழலில் கிடத்திக் காத்திருத்தல் கூடாது. ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரூற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டுசெல்லுதல். கடும் ஓட்டத்திற்குப்பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

மறைப்பதா, சொல்வதா?

காயமுற்ற கேடட் எதிர்கொள்ளும் உண்மையான சிக்கல் இதுவே. மருத்துவரிடம் சென்றால் பயிற்சியிலிருந்து விலக்கு தருவார். விலக்கு நாள்கள் மிகுந்தால் ஒரு பருவம் பின்தள்ளப்படுவார். ‘ரெலிகேஷன்’ எனப்படும் இது ஆறு மாத காலத்தையும், உடன் சேர்ந்த தோழர்களையும், பணிமூப்பையும் பறிக்கிறது. ஊரில் உறவினர் என்ன சொல்வர் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். மாத்திரை வலியை மறைக்கிறதேயன்றி முறிவைத் தடுப்பதில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் மறைப்பதால் பயனில்லை என்பது புலப்படும். தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட கீழ்க்கால் எலும்பின் அழுத்த முறிவு இரண்டு மாதத்தில் ஆறும். முற்ற விட்டதோ ஆறு மாதமானாலும் ஆறாமற்போகலாம். பின்தள்ளப்பட்டவர் அடுத்த அணியுடன் பயிற்சியை நிறைவு செய்து அதிகாரியாகிறார். படைப்பணியில் இருப்போரின் உடல்தகுதியை மனநலம், செவி, கைகால்கள், உடல்திறன், கண்பார்வை என்னும் ஐந்து கூறுகளாகப் பிரித்து மதிப்பிடும் முறை உண்டு. ஒரு கூறில் தற்காலிகமாகத் தரம் குறைக்கப்பட்டவர், குணமடைந்தபின் மறு ஆய்வில் முழுத் தகுதியை மீளப் பெற இயலும். ‘தற்காலிகம்’ என்னும் சொல்லை அஞ்சவேண்டியதில்லை.

ஓய்வு என்றால் கட்டிலில் கிடத்தல் என்று பொருளன்று. காலில் முறிவுள்ளவர் மருத்துவர் இசைவுடன் நீந்தலாம், மேலுடல் பயிற்சி செய்யலாம், வரைபடம் படித்தலிலும் ஆயுதப் பாடங்களிலும் மதிப்பெண்களைச் சேர்க்கலாம். பின்னர் நடை, நடையும் ஓட்டமும் மாறி மாறி, சுமையற்ற ஓட்டம், சுமையுடன் ஓட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படியில் வலி மீண்டால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்தால் அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஆறு முதல் ஒன்பது மாதமாவது பிடிக்கும். அதற்கு மனத்தையும் ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டு, தலைவலியோ மறதியோ குமட்டலோ இருப்பின், அவை முற்றும் நீங்கும் வரை மீண்டும் வளையத்தினுள் இறங்குவது பேராபத்து. தன் காயம் பற்றிய ஒவ்வொரு மருத்துவச் சீட்டையும், காயம் எங்கு எப்போது எப்படி நேர்ந்தது என்பதற்கான பதிவையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு மாணவருக்கும் வலியுறுத்திக் கூறுவோம். காரணம் அடுத்து வருகிறது.

விடுவிக்கப்படுவோர்

சிலருக்கு, தண்டுவடமோ மூளையோ சேதமுற்று, பயிற்சியைத் தொடரவே இயலாது போகிறது. இவர்கள் மருத்துவக் குழுவின் முடிவுப்படி விடுவிக்கப்படுகின்றனர். முப்படைப் பயிற்சி நிலையங்களிலிருந்து 1985 முதல் இவ்வாறு விடுவிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்பது 2025இல் வெளியான செய்திகளால் நாடறிந்தது. பணியேற்பு ஆணை பெறும் முன்பே காயமுற்றதால் இவர்கள் விதிகளின்படி அதிகாரிகளும் அல்லர், முன்னாள் படைவீரர்களும் அல்லர். ஓய்வூதியம் இல்லை, ஊனத்தின் அளவுக்கேற்ப மாதம் 40,000 ரூபாய் வரை கருணைத்தொகை மட்டுமே உண்டு. கழுத்துக்குக் கீழ் செயலற்றுப்போன ஓர் இளைஞரின் மருத்துவச் செலவுக்கே இது போதாது.

1971ஆம் ஆண்டுப் போரில் கண்ணிவெடியால் ஒரு காலை இழந்த இயன் கார்டோசோ, பின்னர் பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமையேற்று மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். செயற்கைக் காலுடன் அவர் தம் தகுதியை மெய்ப்பித்தது பெருமைக்குரியது. ஆனால் அவர் ஏற்கெனவே அதிகாரியாக இருந்தார். ஆகையால் மெய்ப்பிக்க ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு ஒரு வாரம் முன் அதே அளவு காயமுறும் கேடட்டுக்கு அவ்வாய்ப்பு இல்லை. காயத்தின் தன்மை ஒன்றே; நாட்காட்டியில் உள்ள தேதிதான் வேறு.

நிலைமை அண்மையில் ஓரளவு மாறத் தொடங்கியது. பயிற்சியின் காரணமாக உடல்நலம் குன்றி விடுவிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வு இயக்குநரகத்தின் திட்டங்களை நீட்டிக்கப் பாதுகாப்பு அமைச்சகம் 2024இன் தொடக்கத்தில் இசைவளித்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இப்பொருளைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, காப்பீட்டுத் தொகையை உயர்த்துவது, உடல் தேறியோரை மேசைப்பணிகளில் அமர்த்துவது ஆகியவை குறித்து அரசிடம் விளக்கம் கேட்டது. அதே மாத இறுதியில், முன்னாள் படைவீரருக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் இவர்களும் சிகிச்சை பெற அமைச்சகம் ஆணையிட்டது. இவ்வசதிகளை நாடுகையில் காயம் பயிற்சியால் நேர்ந்தது என்பதை மெய்ப்பிக்கும் தாள்களே முதல் தேவை. முன்னர் மருத்துவச் சீட்டுகளைப் பற்றிக் கூறியது இதற்காகவே.

தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்குப் புணேயை அடுத்த கட்கி படை மருத்துவமனை பெயர் பெற்றது. அங்கேயே உள்ள பக்கவாத மறுவாழ்வு மையம் 1974 முதலும், புணேயின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதலும் இயங்கி வருகின்றன. குடிமைப் பணிகளிலும் இடம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடையோருக்கு அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. பட்டதாரியும், தேர்வாணையத்தின் கடினமான தேர்வில் முன்பே வென்றவருமான ஒருவர் இவ்வொதுக்கீட்டில் போட்டியிடுவதற்கு மிகத் தகுதியானவர். இதற்கு மாநில மருத்துவ அதிகாரியின் குறைபாட்டுச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் வேண்டும். படை மருத்துவக் குழுவின் அறிக்கை மட்டும் போதாது. இவ்வேறுபாட்டை அறியாமல் குடும்பத்தினர் மாதக்கணக்கில் அலைய நேரிடலாம்.

மாவட்டப் படைவீரர் நல அலுவலகம் முன்னாள் படைவீரருக்கென அமைந்தது. அந்த வரையறைக்குள் வராத கேடட்டைத் தேடிச் செல்லும் கடமை எந்த அலுவலகத்திற்கும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை. கோலார் போன்ற மாவட்டத்தில் துணை ஆணையர் அலுவலகம் தன் எல்லைக்குள் இவ்வாறு வீடு திரும்பியவர் எவரேனும் உளரா என்று ஊராட்சி, நகராட்சி வழியாக விசாரித்து ஒரு பதிவேடு தொடங்கலாம். குறைபாட்டுச் சான்று, அடையாள அட்டை, மருத்துவத் திட்டப் பதிவு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வீட்டுக்கே சென்று முடித்துத் தருவதற்குப் புதிய சட்டமோ தனி நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கோலாருக்கு மூன்று முறை பேருந்து ஏறி இறங்க வேண்டிய நிலை அதனால் தவிர்க்கப்படும்.